தொழில் பழக்க முதலாளி முன்வருவாரா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் ஒரே பேச்சுத்தான். யார் மகனுக்கு எத்தனை 'ஏ', யார் மகளுக்கு மெட்ரிகுலேஷன், யாருக்குப் பல்கலைக்கழகம் என்று எல்லாரும் விசாரிப்பார்கள். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் அந்த மேடைக்கு வராத பிள்ளைகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மூன்று, நான்கு பாடங்களில் மட்டும் தேறியவன், கணிதத்தில் கோட்டைவிட்டவள், நான்காம் படிவத்தோடு நின்றவன் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கூட்டமே இருக்கிறது. இவர்களுக்கு அறிவு குறைவு என்று சொல்ல முடியாது. பழுதான மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் இவர்களில் இருக்கிறான். பார்த்த மாத்திரத்தில் ரவிக்கையை அளவெடுத்துத் தைக்கக் கூடியவளும் இருக்கிறாள்.

இத்தகைய பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒரு தகப்பன் பட்டணத்துப் பட்டறை வாசலில் போய் நிற்கிறார். "தவுக்கே, என் மகனுக்கு வேலை கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கிறார். தவுக்கே தலையை ஆட்டி, "வேலை தெரிந்த ஆள் இருந்தால் கூட்டி வா, தெரியாத ஆள் வேண்டாம்" என்கிறார். நாட்டிலோ, கைத்தொழில் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிமார் எல்லாரும் குறைப்படுகிறார்கள். ஆள் வேண்டும், ஆனால் ஆளை உருவாக்க மாட்டேன் என்றால் என்ன நியாயம்?

நம்மவர்கள் இதற்கு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "நம் பிள்ளை என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள்" என்பார்கள். பாரபட்சம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது முழுக்காரணம் அன்று. முதலாளிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் பட்டறைக் கதவு எதனால் திறக்கும் என்பது நமக்குத் தெரியும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது

முதலில் தொழிற்பழகுநர் பயிற்சி என்றால் என்னவென்று தெளிவுபடுத்திக்கொள்வோம். மலாயில் 'பெரந்திஸ்' என்கிறார்களே, அதுதான் தொழிற்பழகுநர். இவர் மாணவரும் அல்லர், முழுத் தொழிலாளியும் அல்லர். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். வேலையிடத்தில் கைவேலையைக் கற்கிறார். பயிற்சி நிலையத்தில் அதற்கான கணக்கையும் படத்தையும் காரண காரியத்தையும் கற்கிறார். படிக்கும் காலத்திலேயே கைச்செலவுக்கு ஒரு படியும் கிடைக்கும். முடிவில் நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ் கைக்கு வரும்.

நம் நாட்டில் இதற்கென்று அமைந்த திட்டம் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம், எஸ்.எல்.டி.என். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஜெர்மனி நாட்டு முறையைப் பார்த்து வகுத்து, 2005-ஆம் ஆண்டு தொடங்கினார்கள். பயிற்சிக் காலத்தில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும், எஞ்சிய 20 முதல் 30 விழுக்காடு பயிற்சி நிலையத்திலும் கழியும். வாரத்தில் ஓரிரு நாள் வகுப்புக்கு அனுப்புவதும் உண்டு. சில மாதம் வேலை, பிறகு சில வாரம் வகுப்பு என்று பிரிப்பதும் உண்டு. மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டு இலாகா இதை நடத்துகிறது. முடிவில் கிடைப்பது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். அது மூன்று நிலைகள் கொண்டது. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும், ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் உண்டு. ஆக, எஸ்.பி.எம்.மில் தவறியவனுக்கும் மேலே ஏறிச் செல்ல ஏணி இருக்கிறது. ஆனால் ஏணியின் முதல் படி ஒரு முதலாளியின் பட்டறைக்குள்தான் இருக்கிறது. அவர் உள்ளே விட்டால்தான் ஏற முடியும்.

முதலாளியின் நான்கு பயங்கள்

ஒரு சிறு பட்டறை முதலாளியிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தோட்டத்துப் பையனை எடுத்து எட்டு மாதம் பழக்கினாராம். தீபாவளி விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பிறகு விசாரித்தால், சிங்கப்பூரில் ஏதோ கிடங்கு வேலைக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததாம். "இனி நான் யாரையும் எடுக்கிறதில்லை, வாத்தியாரே" என்று கையை விரித்தார். அந்த ஒரு பையன் போனதால், அவனுக்குப் பின்னால் வரவேண்டிய நாலைந்து பையன்களுக்கும் அந்தக் கதவு அடைபட்டது.

முதலாளிமார் சொல்வதையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் அவர்களுக்கு நான்கு பயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பழக்கிய பிறகு ஓடிவிடுவான் என்ற பயம். இவர் செலவழிப்பார், பக்கத்துப் பட்டறைக்காரர் நூறு வெள்ளி கூடக் கொடுத்து இழுத்துக்கொள்வார்.

இரண்டாவது, நேரம். பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் தேர்ந்த மெக்கானிக்கின் கை நின்றுவிடுகிறது. வாடிக்கையாளரின் காரோ காத்துக் கிடக்கிறது.

மூன்றாவது, விபத்து. வெல்டிங் பொறி கண்ணில் பட்டால், இயந்திரத்தில் கை மாட்டினால் யார் பொறுப்பு?

நான்காவது, காகித வேலை. பாரம் நிரப்பவும், பதிவேடு எழுதவும், அதிகாரி வந்தால் காட்டவும் சிறு முதலாளியிடம் கிராணி கிடையாது.

இவற்றில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. பயிற்சி கொடுப்பது தேசத்துக்கு நல்லது, சமுதாயத்துக்கு நல்லது என்று மேடையில் பேசினால் முதலாளி கைதட்டுவார். ஆளை எடுக்க மாட்டார். அவருடைய பயங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் கரும்பலகைக் கணக்காகவே சொல்லிப் பார்க்கிறேன். இவை உண்மையான பட்டறையின் எண்கள் அல்ல, விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை.

பையனுக்குக் கொடுக்கும் மாதப் படியை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு 2,400 பங்கு. கற்றுக்கொடுக்கும் மெக்கானிக்கின் நேரம் முதல் ஆண்டு மாதத்துக்கு 40 பங்கு, இரண்டாம் ஆண்டு 20 பங்கு. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 720. கெட்டுப்போகும் சாமான், கருவி எல்லாம் 120. மொத்தச் செலவு 3,240 பங்கு.

இனி வரவைப் பார்ப்போம். முதல் ஆறு மாதம் பையனால் மாதத்துக்கு 20 பங்கு வேலைதான் நடக்கும். அடுத்த ஆறு மாதம் 70 பங்கு. இரண்டாம் ஆண்டில் கை பழகி 150 பங்குக்குச் செய்கிறான். கூட்டினால் 120, 420, 1,800, ஆக 2,340. முதலாளிக்கு 900 பங்கு நட்டம்.

பையன் ஓராண்டு முடிந்ததும் ஓடிவிட்டால்? செலவு 1,760, வரவு 540. நட்டம் 1,220. அதாவது பாதியில் ஓடுபவன் கடைசிவரை இருப்பவனைவிடக் கூடுதல் நட்டத்தை வைத்துவிட்டுப் போகிறான். இரண்டாம் ஆண்டுதான் முதலாளிக்கு விளைச்சல் காலம். பயிற்சி முடித்தவன் அதே பட்டறையில் இன்னும் ஒன்றரை ஆண்டு தங்கி, சம்பளம் போக மாதத்துக்கு 50 பங்கு ஆதாயம் தேடித் தந்தால் அந்த 900-ம் திரும்பிவிடும்.

இப்போது வெளியிலிருந்து ஒரு கை நீளட்டும். பையனின் படியில் பாதியை ஒரு பொதுநிதி கொடுத்தால் 1,200 பங்கு குறையும். நட்டம் 900 போய், பயிற்சி முடியும் அன்றே 300 பங்கு ஆதாயம். படியை விட்டுவிட்டு, கற்றுக்கொடுப்பவரின் நேரத்துக்கு மட்டும் ஈடு கொடுத்தாலும் நட்டம் 180-ஆகச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கில் இரண்டு பாடங்கள் உள்ளன. பையனைக் கடைசிவரை நிற்கவைக்கும் ஏற்பாடு வேண்டும்; முதல் ஆண்டின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டில் ஆராய்ந்தவர்கள், அங்கே பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பயிற்சிக் காலம் முடிவதற்குள்ளேயே செலவு திரும்பிவிடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் பல நிறுவனங்களுக்குப் பயிற்சிக் காலத்தில் நட்டம்தான். ஆனாலும் பயிற்சி பெற்றவர் அங்கேயே தங்குவதால், வெளியில் ஆள் தேடும் செலவு மிச்சமாகிறது. அந்த நாட்டு முதலாளிமாரும் இலாபம் பார்ப்பவர்கள்தான். அங்கே ஏற்பாடு சரியாக இருப்பதால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

கட்டுப்பாடு சுமையா, துணையா?

ஜெர்மனியில் 1969-இல் தொழிற்பயிற்சிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி எந்த முதலாளியும் தன் இஷ்டத்துக்குப் பையனை வைத்துக்கொண்டு 'பயிற்சி' என்று சொல்லிவிட முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். முதல் ஒன்று முதல் நான்கு மாதம் சோதனைக் காலம். அதற்குள் இரு தரப்பாரும் விலகிக்கொள்ளலாம். ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்ற பட்டியலை முதலாளிமார், தொழிற்சங்கம், அரசாங்கம் மூவரும் கூடித் தீர்மானிக்கிறார்கள். அங்குள்ள வணிகக் கழகங்களும் கைத்தொழில் கழகங்களும் பட்டறையைப் பார்த்து, பயிற்சி கொடுக்கத் தகுதி உண்டா என்று சோதிக்கின்றன. கடைசித் தேர்வை நடத்தும் குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்கும். தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருப்பார்.

இத்தனை கட்டுப்பாடு இருந்தால் முதலாளி பயந்து ஓடமாட்டாரா? அங்கும் அப்படி நினைத்தார்கள். பயிற்சி கொடுப்பவர் அதற்கென்று ஒரு தகுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதைத் தளர்த்தினால் அதிக முதலாளிமார் முன்வருவார்கள் என்று எண்ணி, 2003-இல் அந்த விதியை நிறுத்திவைத்தார்கள். பயிற்சியின் தரம் இறங்குகிறது, பாதியில் விட்டுப் போகிறவர்கள் கூடுகிறார்கள் என்ற கருத்து வலுத்தது. 2009-இல் அந்த விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது உண்டு. கற்றுக்கொடுக்கத் தெரியாத இடத்தில் பையன் நிற்கமாட்டான். பையன் நிற்காவிட்டால் முதலாளிக்கு நட்டம். ஆகவே நல்ல மேற்பார்வை பையனை மட்டுமல்ல, முதலாளியையும் காப்பாற்றுகிறது. எல்லாப் பட்டறையும் ஒரே பட்டியல்படி பழக்கினால், அடுத்தவர் பழக்கிய பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் குறுக்குப்புத்தியும் குறையும். முதலாளிக்குப் பிடிக்காதது மேற்பார்வை அன்று; உதவியில்லாத மேற்பார்வைதான். அதிகாரி குறை காண மட்டும் வந்தால் பயிற்சி வளராது. ஒப்பந்தத்தை எழுத உதவவும், பதிவேட்டை எப்படி வைப்பது என்று காட்டவும், பையன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்கவும் ஒருவர் இருந்தால் அந்த முதலாளி அடுத்த ஆண்டும் ஆள் எடுப்பார்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டிலும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. பலருக்குத் தெரியாமல் இருக்கின்றன.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் தொழிற்பழகுநர் ஒப்பந்தத்துக்கு விளக்கம் உண்டு. அது எழுத்தில் இருக்க வேண்டும். முறையாகப் பயிற்சி தரவேண்டும். முன்பு அதன் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறையக்கூடாது என்று இருந்தது. 2022-இல் செய்த திருத்தத்தின்படி, 2023 ஜனவரி முதல் குறைந்தது ஆறு மாதம், கூடிப்போனால் 24 மாதம் என்று மாற்றினார்கள். வருடக்கணக்கில் 'பழகுகிறான், பழகுகிறான்' என்று சொல்லிக் குறைந்த காசில் வேலை வாங்குவதற்கு இதனால் ஒரு வரம்பு ஏற்பட்டது.

விபத்துப் பயத்துக்கும் பதில் உண்டு. 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது நாம் சொக்சோ என்று சொல்வது, தொழிற்பழகுநர் ஒப்பந்தத்தின் கீழ் சம்பளம் பெறுபவரையும் தொழிலாளி என்றே கணக்கில் கொள்கிறது. பையன் பெயரில் சந்தா கட்டியிருந்தால், விபத்து நேர்ந்தபோது அவனுக்கும் ஆதரவு, முதலாளிக்கும் நிம்மதி. 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக்கூடாது என்ற சட்டமும் இருக்கிறது.

பணச்சுமைக்கு என்ன வழி? 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993-இல் மனிதவள மேம்பாட்டு நிதி உருவானது. 2001-இல் அதற்குப் புதிய சட்டம் வந்தது. இன்று அதன் பெயர் எச்.ஆர்.டி. கார்ப். பத்து அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, அவர்களின் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை இந்நிதிக்குக் கட்ட வேண்டும். இது தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதன்று. முதலாளி தன் பையிலிருந்து கட்டுவது. ஐந்து முதல் ஒன்பது பேர் வரை வைத்திருப்பவர் விரும்பினால் அரை விழுக்காடு கட்டிச் சேரலாம். முதலில் உற்பத்தித் தொழில்களுக்கு மட்டும் இருந்த இந்த ஏற்பாடு, 2021-இல் மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. கட்டிய பணத்திலிருந்து பயிற்சிச் செலவுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

இதன் சூட்சுமம் எளியது. பயிற்சி கொடுப்பவரும் கொடுக்காதவரும் எல்லாரும் கட்டுகிறார்கள். கொடுப்பவர் திரும்பப் பெறுகிறார். ஆகவே பயிற்சி கொடுக்காமல் அடுத்தவர் ஆளை இழுத்துக்கொள்பவரும் செலவில் ஒரு பங்கு ஏற்றவராகிறார். ஆனால் ஒரு குறை இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் இதைக் கவனிக்கத் தனி இலாகாவே உண்டு. நாலு பேர் வேலை செய்யும் பட்டறை இந்த நிதிக்குள்ளேயே வராது. நம் பிள்ளைகள் போய் நிற்பதோ பெரும்பாலும் இத்தகைய சின்னப் பட்டறை வாசலில்தான்.

நிதி என்றால் அதைக் கண்காணிக்கவும் வேண்டும். 2024-இல் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் இந்நிதி நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பற்றிக் கேள்விகள் எழுப்பின. கட்டிய பணம் பயிற்சிக்கே போகிறது என்ற நம்பிக்கை இருந்தால்தான் முதலாளி மனமுவந்து கட்டுவார். இல்லாவிட்டால் அதை இன்னொரு வரி என்றே நினைப்பார்.

சின்னப் பட்டறைகள் கைகோத்தால்

பினாங்கில் 1989-இல் தொழிற்சாலைகளும் மாநில அரசாங்கமும் கல்வித் துறையினரும் சேர்ந்து ஒரு திறன் மேம்பாட்டு நிலையத்தைத் தொடங்கினார்கள். தனித்தனியாகப் பயிற்சிக்கூடம் கட்டினால் கட்டுப்படியாகாது என்று கண்டு, போட்டியாளர்களே ஒரே கூரையின் கீழ் கருவிகளைப் பகிர்ந்துகொண்டார்கள். எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகளே சொன்னதால், கற்றவர்களுக்கு வேலையும் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் வேறு விதமான ஏற்பாடு. அங்கே குழுப்பயிற்சி நிறுவனங்கள் என்று உண்டு. பையனை வேலைக்கு எடுப்பது அந்த நிறுவனம். ஒப்பந்தம், சம்பளம், காப்புறுதி எல்லாம் அதன் பொறுப்பு. பையனைச் சில மாதம் ஒரு பட்டறைக்கும் சில மாதம் வேறொரு பட்டறைக்கும் அனுப்பிவைப்பார்கள். ஒரு பட்டறையில் வேலை குறைந்தால் பையன் தெருவில் நிற்பதில்லை. அடுத்த இடத்துக்குப் போய்விடுவான். முதலாளிக்குக் காகித வேலை இல்லை. பையனுக்கும் பலவிதமான வேலை பழகக் கிடைக்கிறது.

இதை நம் சமுதாயம் செய்ய முடியாதா? கூட்டுறவு நமக்குப் புதிதன்று. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்தக் காலத்தில், பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கிய சமுதாயம் இது. ஒரு வட்டாரத்தில் இருக்கும் பத்துப் பட்டறைகளைச் சேர்த்து, பத்துப் பையன்களின் ஒப்பந்தத்தையும் பதிவேட்டையும் ஒரு சங்கம் கவனித்துக்கொள்வது அதைவிடப் பெரிய காரியமா? ஓய்வு பெற்ற கிராணி ஒருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தால் காகித வேலை முடிந்துவிடும்.

தோட்டத்துக்குள்ளேயே பாருங்கள்

பட்டணத்துப் பட்டறையை மட்டும் நினைக்க வேண்டாம். செம்பனை ஆலை ஒரு பெரிய பள்ளிக்கூடம். அங்கே பாய்லர் இருக்கிறது, டர்பைன் இருக்கிறது, மோட்டார், பம்பு, வயரிங், வெல்டிங், டிராக்டர், லோரி என்று எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. பாய்லரை ஓட்டுவதற்கும், மின்சாரத்தைக் கவனிக்கும் சார்ஜ்மேன் வேலைக்கும் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் உள்ளவர் வேண்டும். அந்தச் சான்றிதழ் உள்ளவர் ஓய்வு பெறும்போது நிர்வாகம் ஆள் தேடி அலைகிறது. அதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த பையனோ பட்டணத்தில் பாதுகாவலர் வேலை செய்கிறான்.

தோட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது தருமம் அன்று. "உங்கள் ஆலைக்கு இன்னும் ஐந்து ஆண்டில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள்? அவர்கள் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்துங்கள்" என்று கேட்க வேண்டும். குடும்பம் பக்கத்தில் இருப்பதால் அவன் பாதியில் ஓடும் வாய்ப்பும் குறைவு. முதலாளியின் முதல் பயத்துக்கு இது நல்ல பதில். தொழிற்சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் மூன்றும் சேர்ந்து இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாளியின் நியாயத்தைச் சொன்னேன். பிள்ளையின் நியாயத்தையும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு மாணவன் ஒரு வாகனப் பட்டறையில் மூன்று ஆண்டு இருந்தான். காலையில் கடை திறப்பது, டயர் கழற்றுவது, எண்ணெய் துடைப்பது, தேநீர் வாங்கி வருவது இவைதான் அவன் கற்ற தொழில். ஒப்பந்தம் இல்லை, வகுப்பு இல்லை, சந்தா இல்லை. வேறு கம்பெனிக்குப் போனபோது "சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பதினேழு வயதிலிருந்து இருபது வயது வரை, மனிதன் தொழில் பழகும் வயது முழுவதும் வீணாயிற்று. 'பயிற்சி' என்ற பெயரில் இப்படியும் நடக்கிறது.

ஆகவே பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டால் நல்ல முதலாளி கோபிக்க மாட்டார்.

1. ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? ஒரு நகல் எங்களுக்குக் கிடைக்குமா?

2. எத்தனை மாதப் பயிற்சி? மாதாமாதம் என்னென்ன கற்றுத் தருவீர்கள்?

3. கற்றுக்கொடுப்பவர் யார்? அவரே சான்றிதழ் பெற்றவரா?

4. எந்தப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவீர்கள்? அது திறன் மேம்பாட்டு இலாகாவின் அங்கீகாரம் பெற்றதா?

5. முடிவில் எத்தனையாம் நிலைச் சான்றிதழ் கிடைக்கும்?

6. படி எவ்வளவு? வகுப்புக்குப் போகும் நாளிலும் உண்டா?

7. சொக்சோ சந்தா கட்டுவீர்களா? காலணி, கையுறை, கண்ணாடி யார் கொடுப்பது?

நாம் கொடுக்க வேண்டிய வாக்கும் உண்டு. பிள்ளை நேரத்துக்கு வருவான், சொல்லாமல் நிற்க மாட்டான், ஒப்பந்தம் முடியும்வரை இருப்பான் என்று தகப்பனும் தாயும் முதலாளி முன்னால் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் பையன் சலித்துக்கொள்வான். பக்கத்து வீட்டுப் பையன் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து கைப்பேசி வாங்கிவிட்டான் என்பான். அப்போது வீட்டில் பெரியவர்கள் அவனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதிக சம்பளம் என்று கேட்டதும், "போடா, அங்கேயே போ" என்று நாமே கிளப்பிவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். மின்னணுப் பழுதுபார்ப்பு, தையல், அழகுக்கலை, சமையல், அலுவலக வேலை என்று திறன் சான்றிதழுக்கு உரிய தொழில்கள் பல. வெல்டிங்கும் வயரிங்கும் ஆண்களுக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மகளை அனுப்பும் பெற்றோர் போக்குவரத்தையும் வேலையிடத்தின் பாதுகாப்பையும் கூடுதலாக விசாரித்துக்கொள்ளலாம்.

கைப்பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு

பத்துப் பதினைந்து ஆண்டாகப் பட்டறையில் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாத அண்ணன்மாரும் மாமன்மாரும் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை ஒன்று திறன் மேம்பாட்டு இலாகாவிடம் உண்டு, பி.பி.தி. என்பார்கள். செய்த வேலைகளின் படம், முதலாளியின் கடிதம் முதலியவற்றைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் திறமையைக் காட்டினால் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். இவர்கள் சான்றிதழ் பெற்றால் இரண்டு நன்மை. அவர்களுக்குச் சம்பளம் உயர வழி பிறக்கும். நாளைக்கு நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியுள்ளவர்களும் அவர்களே ஆவார்கள். பயிற்சியாளர் இருக்கும் பட்டறைதான் பழகுநரை ஏற்க முடியும்.

அடுத்த எஸ்.பி.எம். முடிவு வருவதற்குள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தாமானிலும் ஒரு சிறு குழு அமையட்டும். சுற்றுவட்டாரத்தில் எத்தனை பட்டறை, எத்தனை ஆலை, யாருக்கு ஆள் தேவை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மேடைக்கு வராத பிள்ளைகளின் பெயர்களையும் அதே நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். பிறகு முதலாளியிடம் போகும்போது தகப்பனைத் தனியாக அனுப்பாதீர்கள், குழுவாகப் போங்கள். "இந்தப் பையனுக்கு நாங்கள் பொறுப்பு, பாரம் நிரப்புவதற்கும் நாங்கள் பொறுப்பு" என்று சொல்லுங்கள். ஒரு முதலாளி ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டு, அந்தப் பிள்ளை சான்றிதழோடு வெளியே வந்தால் போதும். இரண்டாவது பிள்ளைக்கு நாம் கெஞ்ச வேண்டியிராது, அவரே கேட்டனுப்புவார்.